குதிரைத் திறன் மட்டும் போதுமா?

குடும்பச் சேமிப்பைக் கொண்டு வாகனம் வாங்கப் புறப்படும் நம்மில் பலர், "எத்தனை குதிரைத் திறன்?" என்று மட்டுமே வினவுகிறோம். விவரத்தாளில் அதனருகே அச்சிடப்பட்டிருக்கும் 'டார்க்' எனும் முறுக்கு விசையைக் கவனிப்பதில்லை. பாரம் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது எஞ்சின் திணறுகையில்தான் தவறு புரிகிறது.

பஞ்சர் கடையை நினைத்துப் பாருங்கள். இறுகிய நட்டு அசைய மறுத்தால், கடைக்காரர் ஸ்பேனரின் பிடியில் ஒரு குழாயைச் செருகி நீளமாக்குகிறார். கைபலம் அதேதான், ஆனால் நட்டு கழன்றுவிடுகிறது. விசையையும் பிடியின் நீளத்தையும் பெருக்கிக் கிடைப்பதே முறுக்கு விசை. அந்த விசையோடு எவ்வளவு விரைவாகச் சுழற்ற முடிகிறது என்பதே திறன்.

திறனுக்குக் குதிரையை அளவுகோலாக்கியவர் ஜேம்ஸ் வாட். 1780களில், தமது நீராவி எந்திரம் எத்தனை குதிரைகளுக்கு ஈடாகும் என்பதை அவர் ஆலை முதலாளிகளுக்கு விளக்க வேண்டியிருந்தது. செக்குமாடு போல் ஆலையைச் சுற்றும் குதிரை, 12 அடி ஆரமுள்ள வட்டத்தில், 180 பவுண்டு விசையுடன், மணிக்கு 144 முறை சுற்றுவதாகக் கணக்கிட்டார். அதைச் சற்றே முழுமையாக்கி, நிமிடத்திற்கு 33,000 அடி-பவுண்டு வேலையே ஒரு குதிரைத் திறன் என வகுத்தார். இன்றைய அளவில் அது ஏறத்தாழ 746 வாட்.

இனி ஒரு கணக்கு. ஒரு டிராக்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 2,000 சுற்றில் 40 குதிரைத் திறன் தருகிறது. ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சின் 9,000 சுற்றில் அதே 40 தருகிறது. திறன் சமம். ஆனால் அந்நிலையில் டிராக்டரின் முறுக்கு விசை சுமார் 142 நியூட்டன் மீட்டர். மோட்டார் சைக்கிளினுடையதோ சுமார் 32 மட்டுமே!

கியர் போட்டு அக்குறையைச் சரிசெய்ய இயலாதா? இயலும். கியர்ப்பெட்டி வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையைப் பெருக்கும்; திறனை மட்டும் அதனால் பெருக்க இயலாது. ஆனால் அச்சிறிய எஞ்சின் நாள் முழுதும் 9,000 சுற்றில் அலறிக்கொண்டே உழைக்க வேண்டும். அதன் ஆயுள் என்னாவது?

ஆகவே, சுமை ஏற்றவும் மேடு ஏறவும் வாகனம் தேடுவோர், எந்தச் சுற்றில் உச்ச முறுக்கு விசை கிடைக்கிறது என்று கேளுங்கள். குறைந்த சுற்றிலேயே கிடைப்பது நலம். நெடுஞ்சாலையில் விரைவதே நோக்கமெனில் குதிரைத் திறனைப் பாருங்கள். ஓட்டும்போதும், மேட்டில் எஞ்சின் திணறத் தொடங்குமுன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். இரண்டு எண்களையும் சேர்த்துப் படிப்பவரே ஏமாறாமல் வாங்குவார்.