சூதகம் என்னும் சொல்

நம் பாட்டிமார் காலத்தில் நாட்டு வைத்தியர் ஒரு பெண்ணின் நாடியைப் பார்த்தால், "சூதகம் ஒழுங்காக உண்டா?" என்று வினவுவது வழக்கம். இன்றைய மாணவியிடம் அவ்வாறு கேட்டால் அவள் திகைத்து நிற்பாள். ஆயினும் பழைய வைத்திய நூல்களில் அச்சொல் இன்றும் நிலைத்திருக்கிறது. மாதவிடாய் வாராமல் தடைப்படுவது சூதகக்கட்டு. அக்காலத்து நோவு சூதகவலி. அளவுக்கு மிஞ்சிய போக்குக்கோ பெரும்பாடு என்று பெயர்.

சூதகம் என்பது வடசொல். அது முதலில் பிறப்பைக் குறித்தது. பின்னர்ப் பிள்ளைப் பேற்றினால் குடும்பத்தாருக்கு உண்டாகும் தீட்டைக் குறித்தது. தமிழில் அது பிறப்புத் தீட்டு, இறப்புத் தீட்டு இரண்டுக்கும் பொதுவாகி, மாதவிடாய்க்கும் பெயராயிற்று. இவ்வாறு, உடம்பின் ஓர் இயல்பான தொழிலைச் சுட்ட வேண்டிய வைத்தியச் சொல்லுக்குள்ளேயே தீட்டு குடியேறிவிட்டது.

இதற்கு வேறு சொல் கிட்டாமற் போகவில்லை. ஆயுர்வேதத்தார் வழங்கும் 'ஆர்த்தவம்', பருவம் எனப் பொருள்படும் ருது என்பதன் வழி வந்தது. தொல்காப்பியம் 'பூப்பு' என்கிறது. முற்காலத்து ஆங்கில வைத்தியர்கள் எழுதிய 'காட்டமீனியா' ஒரு கிரேக்கச் சொல். மாதந்தோறும் நிகழ்வது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. மலரும் பருவமும் மாதமும் இச்சொற்களில் உண்டு, மாசு இல்லை.

அதனால் தீட்டு எண்ணம் வடசொல்லோடு வந்ததென்று பழிபோட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள இயலாது. அந்நாட்களில் பாத்திரங்களைத் தொடாது ஒதுங்கி நிற்கும் மகளிர் புறநானூற்றிலேயே உவமையாக வருகின்றனர். வழக்கம் மிகப் பழையது. ஆனால் பழமை ஒன்றே ஒரு வழக்கத்துக்குப் போதிய சான்றாகுமா?

சேர்வராயன் மலையில், குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்குச் செல்லும் பாதையில் கொட்டச்சேடு இருக்கிறது. இப்பக்கத்தில் ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு மாணவிகள் தரும் விடுமுறைக் கடிதங்களில் பெரும்பாலும் காணப்படும் காரணம் "வயிற்று வலி" என்பதே. தாய்மாரைக் கேட்டால், "வீட்டுக்குத் தூரம்" என்று தலை குனிந்து சொல்கின்றனர். நாணத்தால் பிறந்த இம்மறைமொழிகளை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால் வயிற்று வலி என்று சொன்னால் வைத்தியர் வயிற்றுக்குத்தானே மருந்து கொடுப்பார்? எத்தனை நாள், எவ்வளவு போக்கு என்ற கேள்விகளுக்கே இடமில்லாமற் போகிறது.

இக்கேள்விகள் அற்பமானவை அல்ல. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தச் சோகை உடையவர்கள். சத்தற்ற உணவு முதலிய காரணங்களோடு, கவனியாது விட்ட பெரும்பாடும் இதற்கு ஒரு காரணம். போக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும், மணிக்கு ஒரு முறை துணி மாற்ற நேர்ந்தாலும், 15 வயது நிறைந்தும் பூப்பு எய்தாவிடினும் டாக்டரிடம் காட்டுதல் அவசியம். கருப்பை ஒரு குழந்தையை ஏற்பதற்காக மாதந்தோறும் தன் உட்புறத்தில் மெத்தை போன்ற படலத்தை அமைக்கிறது. கரு தங்காதபோது அப்படலம் இரத்தத்தோடு கழிந்துவிடுகிறது. "கெட்ட இரத்தம்" என்பது வெறும் பேச்சு.

சொல்லில் தங்கிய தீட்டு சில சமயம் உயிரையும் வாங்கிவிடுகிறது. 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி கஜாப் புயல் தஞ்சை ஜில்லாவைத் தாக்கியபோது, பட்டுக்கோட்டையை அடுத்த அணைக்காட்டில், பூப்பெய்திய சிறுமி ஒருத்தி வழக்கப்படி வீட்டை விட்டு விலக்கப்பட்டுக் குடிசையில் இருந்தாள். தென்னை மரம் ஒன்று அக்குடிசையின்மீது சாய்ந்தது, சிறுமி மாண்டாள். மரத்தைச் சாய்த்தது காற்று. அந்த இரவில் அவளை அக்குடிசையில் இருக்கச் செய்தது எது என்பதைப் பெற்றோர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சூதகம் என்ற சொல் அகராதியிலேயே இருக்கட்டும். பழைய ஏடுகளைப் படிப்போருக்கு அது தேவை. வீட்டில் வழங்குவதற்கு 'மாதவிடாய்' என்ற நல்ல தமிழ்ச் சொல் நம்மிடம் இருக்கிறது. விடாய் என்றால் தாகம், களைப்பு. களைத்தவளுக்கு வேண்டியவை ஓய்வும், நல்ல உணவும், தூய துணியும், வீட்டுக்குள் ஓர் இடமும் அல்லவா? தாய்மார்கள் இச்சொல்லைப் பெண்களுக்கு மட்டுமன்றி வீட்டிலுள்ள பையன்களுக்கும் கூசாமல் கற்பிப்பார்களாக. அடுத்த விடுமுறைக் கடிதத்தில் உண்மைக் காரணத்தை ஒரு மாணவி அச்சமின்றி எழுதுவாளாயின், அதை வாங்கிப் படிக்கும் ஆசிரியர்களாகிய நாமும் அதற்குத் தகுதியுடையவர்களாக நடந்துகொள்ள வேண்டும்.