கைக்குழந்தைக்குக் கப்பலில் இடம் உண்டா?

அமெரிக்காவில் உள்ள மியாமி துறைமுகத்தில் இருந்து உல்லாசக் கப்பல்கள் புறப்படுகின்றன. பச்சைக் குழந்தையுடன் போனால் ஏற்றமாட்டார்கள்! பெரிய கம்பெனிகள் பலவற்றில், குழந்தைக்கு 6 மாதம் நிரம்பி இருக்க வேண்டும். டிக்கெட் வாங்கும் நாளில் அல்ல, கப்பல் புறப்படும் நாளில்.

இங்கிலாந்தில் உள்ள சவுதாம்ப்டனில் இருந்து நியூயார்க்குக்குக் "குயின் மேரி 2" கப்பலில் போக 7 இரவு ஆகும். வழி எல்லாம் கடல்தான். அதற்கு ஒரு வயது ஆகி இருக்க வேண்டும்.

ஏன் இந்தக் கண்டிப்பு? கப்பலில் டாக்டர் உண்டு. காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார். ஆனால், சின்னஞ்சிறு குழந்தைக்கு மூச்சுத் திணறினால்? அதற்கான தனி ஆஸ்பத்திரி வசதி அங்கே இராது. நடுக்கடலுக்கு ஹெலிகாப்டரும் வந்து சேராது. தொட்டிலுக்கும் பாலுக்கும் ஏற்பாடு செய்துவிடலாம். இதற்கு என்ன செய்வது?

குழந்தை கொழுகொழு என்று இருந்தாலும் சலுகை கிடையாது. பிறந்த தேதிக்கு அத்தாட்சி கேட்பார்கள்.