விதைக் கடலையை எண்ணப் பிள்ளையைக் கூப்பிடுங்கள்

ஆடிப் பட்டமானாலும் மார்கழிப் பட்டமானாலும், நிலக்கடலை விதைக்கும் வீடுகளில் விதைப்புக்கு முந்திய நாட்களில் திண்ணை முழுவதும் கடலை உடைக்கும் சத்தம்தான். வட மாவட்டத்தார் மல்லாட்டை என்பதும் இதைத்தான். பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து விரல் நோக உடைப்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று நடுவில் வந்து கையை விட்டால், "போ, அந்தப் பக்கம் போய் விளையாடு" என்று விரட்டுவோம். இனி விரட்ட வேண்டாம். அந்தப் பிள்ளையைக் கொண்டே விதையின் முளைப்புத் திறனை அறிந்துகொள்ளலாம். பிள்ளைக்கும் நூறு வரை எண்ண வந்துவிடும்.

முதலில் காயை உடைக்காமல் காதருகே ஆட்டிக் காட்டுங்கள். உள்ளே பருப்பு எத்தனை என்று சொல்லட்டும். பிறகு உடைத்துப் பார்க்கட்டும். ஒன்று இருக்கும், இரண்டு இருக்கும், சில காயில் மூன்றும் இருக்கும். பத்துக் காய் ஆவதற்குள் காயின் இடுப்பைப் பார்த்தே பிள்ளை எண்ணிக்கையைச் சொல்லத் தொடங்கிவிடும். அடுத்து, ஒரு பிடி பருப்பைக் கைக்குள் மூடிக்கொண்டு ஒற்றையா இரட்டையா கேளுங்கள். நம் பாட்டிமார் புளியங்கொட்டை வைத்து ஆடியதுதான்.

பிறகு மூன்று கொட்டாங்கச்சியை வைத்துப் பொறுக்கச் சொல்லலாம். திரண்ட பருப்பு ஒன்றில், சுருங்கியது ஒன்றில், உடைந்ததும் தோல் உரிந்ததும் மற்றொன்றில். தோல் உரிந்த பருப்பு மண்ணில் எளிதில் அழுகும் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். இந்த வேலையில் பிள்ளையின் கண் நம் கண்ணைவிடக் கூர்மை. ஆனால் வாயில் பருப்பைப் போட்டுக்கொண்டு ஓடவோ சிரிக்கவோ விடக்கூடாது. முழுப் பருப்பு மூச்சுக் குழாயில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தையை இந்த ஆட்டத்தில் சேர்க்கவே வேண்டாம்.

இனி முக்கியமான ஆட்டம். எல்லாக் காயையும் உடைத்த பிறகு இதைச் செய்து பயனில்லை. இரண்டு வாரம் முன்பே மூட்டைக்கு மூட்டை சில பிடி காயை எடுத்துக் கலந்து உடைத்து, 100 பருப்பு எண்ணி எடுக்க வேண்டும். எண்ணுவது பிள்ளை. 14-க்குப் பிறகு 16 என்று தாவினால் தலையில் குட்டாதீர்கள். பத்துப் பத்தாகக் கூறு வைக்கச் சொல்லுங்கள், தானே சரியாகும். அகலமான தட்டிலோ பழைய பெட்டியிலோ கழுவிய ஆற்று மணலைப் பரப்பி, வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை, கட்டை விரல் நகம் மறையும் ஆழத்தில் ஊன்ற வேண்டும். மணல் ஈரமாக இருந்தால் போதும், தண்ணீர் நிற்கக்கூடாது. பத்தாம் நாள் நல்ல முளைகளை எண்ணினால் அதுவே நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கு. சதவீதம் என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் கேட்டு மிரளும் பிள்ளைக்கு, இந்த மணல் தட்டைக் காட்டினால் போதும்.

எங்கள் வீட்டில் சென்ற மார்கழிப் பட்டத்துக்கு வெளியில் காய் வாங்கியிருந்தோம். பார்வைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. ஐந்து வயதுப் பேத்தி மணலில் ஊன்றி, தினமும் காலையில் எழுந்ததும் அதன் முன்தான் போய் உட்காருவாள். பத்தாம் நாள் "தாத்தா, 58" என்றாள். நம்பாமல் நான் மறுபடி எண்ணினேன். 58தான். சான்று விதைக்கு முளைப்பு 70 சதமாவது இருக்க வேண்டும். ஏக்கருக்கு 55 கிலோ பருப்பு விதைத்தால் அதில் 23 கிலோ மண்ணோடு போயிருக்கும். உழவும் எருவும் கூலியும் வேறு. அந்தக் காயைச் செக்குக்கு அனுப்பிவிட்டு, அக்கம்பக்கத்தில் விசாரித்து வேறு விதை வாங்கினோம். அதையும் அவளே ஊன்றினாள், 86 வந்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொடி ரகங்களுக்கு அறுவடைக்குப் பின் சில காலம் விதை உறக்கம் உண்டு. புதுக் காயில் எண்ணிக்கை குறைந்தால் விதையைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம்.

இது பிள்ளையிடம் வேலை வாங்கக் கூறும் யோசனையன்று. கால் மணி நேரத்தில் எழுந்து ஓடினால் விட்டுவிடுங்கள். விதைக்குப் பூசணக்கொல்லி கலக்கும் நாளில் பிள்ளை அந்தப் பக்கமே வரக்கூடாது. கலந்த விதை, கலந்த பாத்திரம், கை கழுவிய தண்ணீர் எதுவும் அதன் கைக்கு எட்டக்கூடாது.

முளைத்து வந்ததும் வயலில் ஓர் ஆட்டம் பாக்கி இருக்கிறது. ஒரு மீட்டர் நீளத்தில் நாலு குச்சி வெட்டிச் சதுரமாகக் கட்டிப் பிள்ளையிடம் கொடுங்கள். பிடித்த இடத்தில் வைத்து உள்ளே இருக்கும் செடிகளை எண்ணட்டும். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் விட்டிருந்தால் 33 செடி இருக்க வேண்டும். நாலைந்து இடத்தில் வைத்துப் பார்த்து, 25-க்குக் கீழே வந்தால் அந்த வாரமே பாடுவாசி நிரப்பிவிடுங்கள். செடி இல்லாத இடத்தை ஓடிப்போய்க் காட்டப் பிள்ளை இருக்கிறது.