கடல்நீர் மீன் தொட்டிக்கு மாற்று விளக்கு: தேர்வு செய்வது எப்படி?

வண்ண மீன் வளர்ப்பில் பழகியவர்கள் பலர், நன்னீர் மீன்களை அடுத்துக் கடல்நீர்த் தொட்டி அமைப்பதில் ஆர்வம் காட்டுகின்றனர். ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் இதற்கு முக்கியக் காரணம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் இம்மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை உருவாக்கியுள்ளன. ஆகவே கடலில் பிடிக்காமல் பொரிப்பகக் குஞ்சுகளையே வாங்கி வளர்க்க வழி ஏற்பட்டுள்ளது.

உப்பின் அளவு, வடிகட்டி, நீர்ச் சோதனை ஆகியவற்றைச் சரியாகக் கவனிப்பவர்கள்கூட விளக்கைப் பெரிதாக எண்ணுவதில்லை. டியூப்லைட் எரியாமல் போன பிறகே கடைக்கு ஓடுகின்றனர். அங்கே, கடல்நீர்த் தொட்டி என்றாலே நீல விளக்குதான் என்று சொல்லி, விலை உயர்ந்த பவளத் தொட்டி விளக்கைத் தலையில் கட்டிவிடுவதும் உண்டு. தொட்டியில் எது வளர்கிறதோ அதற்கு ஏற்ற விளக்கை வாங்க வேண்டுமே தவிர, தண்ணீர் உப்பா நன்னீரா என்று பார்த்து வாங்குவதில் பயனில்லை.

நீல விளக்கு யாருக்கு?

பவளம் என்பது கல் அல்ல, உயிருள்ள பிராணி. அதன் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. சூரிய ஒளியைக் கொண்டு அந்தப் பாசி சமைக்கும் உணவில் பெரும் பங்கு பவளத்துக்குப் போய்ச் சேர்கிறது. பயிருக்கு உரம் எப்படியோ, அப்படிப் பவளத்துக்கு வெளிச்சம். கடல்நீர் சிவப்பு ஒளியை மேல்மட்டத்திலேயே விழுங்கிவிடுகிறது; நீல ஒளியே ஆழம் வரை இறங்குகிறது. இதனால்தான் அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய இடங்களில் வீட்டில் பவளம் வளர்ப்போர் 10,000 கெல்வின், 14,000 கெல்வின், 20,000 கெல்வின் என்று நீலம் கூடிய விளக்குகளைத் தேடி வாங்குகின்றனர். அவர்கள் மெல்லிய டி5 குழல் விளக்குகளை எரியும்போதே, 9 மாதம் முதல் 12 மாதத்துக்குள் மாற்றிவிடுகின்றனர். குழலின் உட்பூச்சு நாளடைவில் தேய்ந்து ஒளியின் அளவும் நிறமும் மாறுவது கண்ணுக்குத் தெரியாது. பவளம் வெளுக்கும்போதுதான் தெரியும்.

நம் நாட்டில் நிலைமை வேறு. பாறை உருவாக்கும் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் 2001-ம் ஆண்டில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இவற்றை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. செத்த பவளக் கல்லும் இதில் அடங்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் 2 தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. முற்காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் இதற்கு ஒரு காரணம். ஆகவே 'உயிர்ப் பவளம் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் மறுத்துவிட வேண்டும். பவளம் இல்லாத தொட்டிக்குப் பவள விளக்கும் வேண்டியதில்லை.

நமக்கு ஏற்ற விளக்கு

கோமாளி மீனும் மற்ற சிறு கடல் மீன்களும், சிமெண்டு அல்லது சுட்ட மண்ணால் செய்த பாறையும் மட்டும் உள்ள தொட்டிக்குச் சாதாரண வெளிச்சமே போதும். மீனுக்குத் தேவை பகல், இரவு என்ற வேறுபாடுதான். மூன்றடித் தொட்டிக்கு 10 வாட் எல்.இ.டி. குழல் ஒன்று போதுமானது. நீல நிறம் அழகாக இருக்கிறது என்று விரும்புவோர் சிறிய நீல விளக்கு ஒன்றைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். அது பார்ப்பவர் கண்ணுக்காக மட்டுமே.

தொட்டியை ஒட்டித் தனி அறை அமைத்துக் கடற்பாசி வளர்ப்போர் சற்றுக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கொத்துக் கொத்தாக வளரும் காலர்பா, நூல் சிக்கல் போல வளரும் கீட்டோமார்பா ஆகிய பச்சைப் பாசிகள், மீனின் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உண்டு வளர்கின்றன. வளர்ந்த பாசியை அவ்வப்போது அறுத்து எடுத்தால், அந்தக் கழிவும் அதனுடன் வெளியேறுகிறது. இதற்கு 6,500 கெல்வின் வெள்ளை ஒளி தரும் 10 முதல் 15 வாட் வரையிலான எல்.இ.டி. பல்பு நல்ல பலன் தரும். பெரிய தொட்டியின் விளக்கு அணைந்த பிறகு, இரவில் இந்தப் பல்பை எரியவிடுவது சிறந்தது. இரவிலும் பாசி பிராணவாயுவை வெளியிடுவதால் தண்ணீரின் தன்மை அதிகம் மாறாமல் இருக்கும்.

பெட்டியில் பார்க்க வேண்டியவை

வாட் என்பது விளக்கு எடுத்துக்கொள்ளும் மின்சாரம். லூமென் என்பது மனிதக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். கெல்வின் என்பது ஒளியின் நிறம். 2,700 கெல்வின் மஞ்சள், 6,500 கெல்வின் பகல் வெளிச்சம், அதற்கு மேல் போகப்போக நீலம். வாட்டை மட்டும் பார்த்து வாங்குவது தவறு.

பழைய டியூப்லைட்டை அளந்து பார்த்த பிறகே மாற்று வாங்க வேண்டும். டி8 குழலின் குறுக்களவு 26 மில்லி மீட்டர். டி5 குழலின் குறுக்களவு 16 மில்லி மீட்டர். இவற்றின் ஊசி இடைவெளியும் நீளமும் வேறு வேறு என்பதால், ஒன்றின் பட்டியில் மற்றது பொருந்தாது.

நான்கடி டியூப்லைட் சோக்குடன் சேர்ந்து சுமார் 50 வாட் மின்சாரம் எடுக்கும். அதற்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. குழல் போட்டு நாள்தோறும் 8 மணி நேரம் எரித்தால், மாதம் 12 யூனிட் என்பது 5 யூனிட்டுக்கும் கீழாகக் குறையும். சூடும் குறைவு. நம் ஊர்க் கோடையில் இது முக்கியம். தண்ணீர் சூடானால் அதில் கரையும் பிராணவாயு குறையும். நீர் ஆவியாகி உப்பு கூடும். அவ்வாறு குறைந்த நீருக்கு நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்புநீர் ஊற்றக் கூடாது.

பொருத்தும்போது கவனம்

உப்புநீரும் மின்சாரமும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. தெறிக்கும் நீர் காய்ந்து ஊசிகளில் உப்புப் பூக்கும். அதனால் உலோகம் அரிக்கும், மின்கசிவு உண்டாகும். ஆகவே நீர் புகாதபடி மூடிய, ஐ.பி.65 என்று குறிப்பிட்ட விளக்குகளையே தொட்டிக்கு மேல் பொருத்த வேண்டும். இடையில் கண்ணாடி மூடி இருப்பது நல்லது. மின்கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவி அவசியம். தண்ணீரில் கை வைக்குமுன் மின் இணைப்பை எடுத்துவிட வேண்டும்.

பழைய பட்டியில் எல்.இ.டி. குழலை மாட்டுவதாயின், பெட்டியில் உள்ள படத்தின்படி எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஒயரை மாற்ற வேண்டும். அதன்பின் அந்தப் பட்டியில் மீண்டும் பழைய டியூப்லைட்டை மாட்டக் கூடாது.

மாற்றிய பிறகு

ஒளி மங்கிய விளக்கிற்குப் பழகிய தொட்டியில் திடீரென்று முழு வெளிச்சம் பாய்ந்தால் வளர்ப்புப் பாசி வெளுக்கும். கண்ணாடியிலும் பாறையிலும் வேண்டாத பாசி படரும். முதல் வாரம் நாளொன்றுக்கு 4 மணி நேரம் எரித்தால் போதும். பிறகு வாரத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டி, 8 மணி நேரத்தில் நிறுத்திக்கொள்ளலாம். நேரம் தவறாமல் எரியவும் அணையவும் டைமர் பொருத்துவது நல்லது. விளக்கை மாற்றிய தேதியைத் தொட்டியின் ஓரத்தில் எழுதி ஒட்டினால், அடுத்து எப்போது மாற்றுவது என்ற குழப்பம் இராது. வாரம் ஒருமுறை, விளக்கை அணைத்து, மூடியில் படிந்த உப்பை ஈரத்துணியால் துடைத்தாலே இழந்த வெளிச்சத்தில் ஓரளவு திரும்பக் கிடைக்கும்.

பழைய டியூப்லைட்டில் பாதரசம் உண்டு. அதைக் குப்பைமேட்டிலோ குளக்கரையிலோ உடைத்துப் போடக் கூடாது. மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும். வீட்டில் தவறி உடைந்தால் மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் வெளியே இருக்க வேண்டும். பிறகு துடைப்பத்தால் பெருக்காமல், அட்டையால் வழித்து எடுத்து மூடிய டப்பாவில் போட வேண்டும். இந்தப் பாதரசம் காரணமாகவே, பொது வெளிச்சத்துக்கான டியூப்லைட்டுகளின் உற்பத்தியை 2027-க்குள் நிறுத்துவது என்று 2023-ல் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் முடிவு செய்தன. எனவே இனி மாற்றுவோர் எல்.இ.டி.க்கு மாறிவிடுவதே நல்லது.

பவள விளக்கில் போடும் பணத்தை நல்ல வடிகட்டிக்கும் மின்பாதுகாப்புக் கருவிக்கும் செலவிட்டால் மீனும் பிழைக்கும், வளர்ப்பவருக்கும் கவலை இராது. பவளம் கடலில் சூரிய வெளிச்சத்தில் வளரட்டும்.