நீரில் ஊறிய சாயம்

காட்டோரத்து ஓடைநீரும் சதுப்புநிலத்து நீரும் சிலவேளைகளில் தேநீரின் நிறங்கொண்டிருப்பதைக் காணலாம். உதிர்ந்த இலைகளும் மட்கிய வேர்களும் ஊறியதனால் இறங்கிய சாயமே அது. விஞ்ஞானிகள் இதனை இயற்கைச் சேதனப் பொருள் என்பர். இச்சாயம் தன்னளவில் பெருந்தீங்கு விளைப்பதன்று. ஆயினும் குடிநீர் நிலையத்தார் இதனை அகற்றப் பெரிதும் முயல்கின்றனர். காரணம் யாது?

வாந்திபேதி, நெருப்புக்காய்ச்சல் முதலிய நோய்களின் கிருமிகளை அழிக்கும்பொருட்டு நீரிற் குளோரீன் சேர்க்கப்படுகிறது. அக்குளோரீன் இச்சேதனப் பொருளோடு கூடும்போது குளோரோபோம் முதலிய சேர்வைகள் உண்டாகின்றன என்பதை, நெதர்லாந்தின் றொட்டர்டாம் நகர நீர் நிலையத்து இரசாயனவியலாளர் யொஹானஸ் றூக் 1974ஆம் ஆண்டில் வெளியிட்டார். நெடுங்காலம் உட்கொள்ளின் இவற்றுட் சில புற்றுநோய்க்கு ஏதுவாகலாம் என்னும் ஐயம் எழுந்தது. ஐக்கிய அமெரிக்கா 1979இல் இத்தகைய நான்கு சேர்வைகளின் மொத்த அளவு இலீற்றருக்கு 100 மைக்கிரோகிராமை மீறலாகாது என வரையறுத்தது. 1998இல் அவ்வெல்லையை 80 ஆகக் குறைத்தது.

அவ்வாறாயின் குளோரீனைக் கைவிடலாமோ? வேறு தக்க காவலின்றிக் கைவிடுதல் பேராபத்தாகும். கிருமியால் வருங்கேடு சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கவல்லது. இச்சேர்வைகளுக்கு அஞ்சிக் கிருமிநீக்கத்தைத் தளர்த்தலாகாது என உலக சுகாதார நிறுவனமும் வலியுறுத்துகிறது. ஆகவே, குளோரீன் சேருமுன்னரே சாயத்தைப் பிரித்தெடுத்தலே தக்க வழி.

இச்சாயம் நீரிற் கரைந்திருப்பதனால் மணல் வடியினூடாக எளிதிற் சென்றுவிடும். அதனைப் பிடித்தற்குப் படிகாரம் உதவுகிறது. சாயத்தின் மூலக்கூறுகள் பெரும்பாலும் மறையேற்றம் உடையவை. படிகாரத்திலுள்ள அலுமினியமோ நேரேற்றம் உடையது. இரண்டும் கூடிப் பஞ்சுபோலத் திரண்டு அடியிற் படிகின்றன. கலங்கலை மாத்திரம் நீக்குவதற்கு வேண்டிய படிகாரம் இதற்குப் பலவேளைகளிற் போதாது. படிகாரத்தின் அளவைக் கூட்டி, நீரின் அமிலத்தன்மையையும் சற்றே உயர்த்தினாற் சாயம் கூடுதலாக நீங்கும்.

திரளாது எஞ்சியதை உயிர்ப்பூட்டிய கரி ஓரளவுக்கு ஈர்த்துக்கொள்ளும். அதன் ஒரு கிராமிலுள்ள நுண்துளைகளின் மேற்பரப்பு 500 சதுர மீற்றருக்கும் மேற்பட்டது. இலங்கையிற் சிரட்டையிலிருந்தும் இத்தகைய கரி செய்யப்படுகிறது. துளைகள் நிரம்பியதும் கரியைப் புதுப்பித்தல் வேண்டும்.

கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரிலும் இச்சாயம் சிறிதளவு கலந்திருத்தல் கூடும். மழை பெய்து புதுவெள்ளம் வருங்காலத்தில் அதன் அளவு பெருகுவதுண்டு. ஆதலால், குளோரீனைச் சேர்ப்பதற்கு முன்னர் நீரிலுள்ள சேதனப் பொருளை அடிக்கடி அளந்து, அதற்கேற்பப் படிகாரத்தைக் கூட்டியுங் குறைத்தும் இடுதல் நீர் நிலையத்தாரின் நாளாந்தக் கடமையாகிறது.