வீட்டிலேயே பின்னும் கழுத்துத் துண்டு

தறி நெய்யும் குடும்பங்களிலும் ஏர் பிடிக்கும் குடும்பங்களிலும் பெண்களின் கைகள் ஓய்ந்திருப்பதில்லை என்பது நம் அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டிய விஷயமன்று. எனினும், வானம் பார்த்த பூமி மிகுந்த நம் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறுவடை முடிந்தபின் கூலி வேலை கிடைக்காத நாட்கள் பல உண்டு. அந்நாட்களில் திண்ணையில் அமர்ந்தவாறே செய்யத்தக்க ஒரு கைவேலையை இம்மாதம் அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அது குரோஷா பின்னல்.

இதற்குத் தறி வேண்டா, மின்சாரம் வேண்டா, தனி இடமும் வேண்டா. முனையில் சிறு கொக்கியுள்ள ஊசி ஒன்றும் நூலும் இருந்தால் போதும். கீரமங்கலம் வட்டாரத்தில் பூத்தொடுத்துப் பழகிய விரல்களுக்கு இக்கலை விரைவில் கைவரும். முதன்முதலாகச் செய்வதற்கு ஏற்றது கழுத்துத் துண்டு. மார்கழிப் பனியில் காதை மூடிக்கொள்ளவும், கோடையில் வெயிலும் தூசியும் படாமல் தலையைச் சுற்றிக்கொள்ளவும் அது பயன்படும். கம்பளி நூல் நம் ஊர் வெப்பத்திற்கு ஒவ்வாது. பருத்தி நூலில் சிறு சிறு சாளரங்கள் விட்டுப் பின்னினால் காற்றும் புகும், நூலும் மிச்சமாகும்.

நூலும் ஊசியும்

நெசவாளர் வீடுகளில் அறிமுகமான 2/20 நம்பர் நூலையே கொள்ளலாம். அதனை நான்கு இழையாகச் சேர்த்துப் பந்தாகச் சுற்றிக்கொள்க. 100 கிராம் நூலில் நான்கு இழைச் சேர்மானம் ஏறக்குறைய 420 மீட்டர் வரும். ஒரு துண்டிற்கு இது தாராளமாகப் போதும், குஞ்சத்திற்கும் மிஞ்சும். பாவுக்காகக் கஞ்சி போட்ட நூல் விறைத்து நிற்குமாதலால் ஊசிக்கு இணங்காது. அதை அலசிக் காயவைத்த பின்னரே எடுக்க வேண்டும். சாயநூலாயின், ஒரு சாண் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்துச் சாயம் நிற்கிறதா என்று அறிவது நலம். சங்கத்து நூலாயின், அது கழிவு நூலேயானாலும், கணக்கில் எழுதி விலை கொடுத்துப் பெறுவதே முறை. ஊசி 3.5 மில்லிமீட்டர் பருமனுள்ளதாக இருக்கட்டும்.

பின்னும் முறை

நூலின் முனையில் ஒரு சுருக்கு இட்டு ஊசியில் மாட்டுக. ஊசியின் மேல் நூலைப் போட்டு, கொக்கியால் அச்சுருக்கின் வழியே இழுத்தால் ஒரு சங்கிலிக் கண்ணி உண்டாகும். இவ்வாறே 44 கண்ணிகள் போடுக. ஊசியில் மாட்டியிருக்கும் கண்ணியை இக்கணக்கில் சேர்த்தலாகாது. கை இறுக்கமாக இருந்தால் அடிவரிசை சுருங்கிவிடுமாதலால், நூலைத் தளர்வாகவே பிடிக்க வேண்டும்.

அடுத்து அறிய வேண்டுவது தூண். ஊசியின் மேல் நூலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, வேண்டிய கண்ணிக்குள் நுழைத்து நூலை இழுத்து வெளியே கொணர்க. இப்போது ஊசியில் மூன்று கண்ணிகள் இருக்கும். மீண்டும் நூலைப் போட்டு முதல் இரண்டின் வழியே இழுக்க; பிறகு மறுபடி நூலைப் போட்டு எஞ்சிய இரண்டின் வழியே இழுக்க. ஒரு தூண் நின்றுவிடும்.

ஊசியிலிருந்து எண்ணி 6ஆம் சங்கிலிக் கண்ணியில் முதல் தூணை நிறுத்துக. பின் ஒரு சங்கிலி போட்டு, அடியில் ஒரு கண்ணியை விட்டு, அதற்கடுத்த கண்ணியில் ஒரு தூண். கடைசிக் கண்ணி வரை இவ்வாறே செல்க. ஓரத்தில் சங்கிலியாலாகிய தூணையும் சேர்த்து 21 தூண்களும், அவற்றின் நடுவே 20 சாளரங்களும் இருக்கும்.

வரிசை முடிந்ததும் 4 சங்கிலிகள் போட்டுத் திருப்புக. அவற்றுள் மூன்று ஓரத் தூணாகும். ஒன்று சாளரத்தின் மேற்பக்கமாகும். கீழ்வரிசையின் இரண்டாம் தூணின் தலையில் ஒரு தூண், பின் ஒரு சங்கிலி, அடுத்த தூணின் தலையில் ஒரு தூண் என்று தொடர்க. வரிசையின் கடைசித் தூண், ஓரத்துச் சங்கிலியில் கீழிருந்து மூன்றாவது கண்ணியில் நிற்க வேண்டும். தொடக்கக்காரர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். ஓரம் சாய்ந்து துண்டு வரவர ஒடுங்கினால் காரணம் இதுவே. ஒவ்வொரு வரிசையிலும் 20 சாளரங்களை எண்ணிப் பார்த்தால் பிழை வராது.

துண்டு ஏறக்குறைய ஒரு சாண் அகலம் வரும். 150 சென்டிமீட்டர் நீளத்திற்குச் சுமார் 150 வரிசைகள் தேவைப்படும். கையின் இறுக்கத்திற்கேற்பச் சற்றுக் கூடலாம், குறையலாம். முடிவில் நூலை வெட்டி, கடைசிக் கண்ணியின் வழியே இழுத்து இறுக்கி, முனைகளைப் பின்னலுக்குள் ஊசியால் செருகிவிடுக. இரு ஓரங்களிலும் குஞ்சம் கட்டி, நனைத்துத் தட்டையாக விரித்து நிழலில் உலர்த்துக.

நேரத்தின் கணக்கு

தம் வீட்டாருக்காகப் பின்னும்வரை இவ்வளவு போதும். விற்பனைக்கெனப் பின்னும்போது வேறொரு கணக்கும் தேவையாகிறது. ஒரு வரிசைக்கு 5 நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். 150 வரிசைக்கு 750 நிமிஷம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். நூல் விலை போக ஒரு வியாபாரி 100 ரூபாய் தருகிறார் என்றால், மணிக்குக் கிடைப்பது 8 ரூபாய்தான். நூறு ரூபாயாகப் பார்த்தால் பெரிதாகத் தோன்றுவது, மணியாகப் பார்க்கும்போது எவ்வளவு சிறிது! அசல் குரோஷாவைக் கையைப் போலப் பின்னித் தரும் ஆலை இயந்திரம் இன்றுவரை புழக்கத்திற்கு வரவில்லை. ஆகவே இதில் விலைபோவது பெரும்பாலும் பெண்ணின் நேரமே.

பிறர் கண்ட அனுபவம்

கைப்பின்னல் பஞ்சத்தில் சோறிட்டதுண்டு. 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிக் கொடிய பஞ்சம் விளைந்தபோது, கன்னியர் மடங்களும் நிவாரண ஸ்தாபனங்களும் ஏழைப் பெண்களுக்குக் குரோஷா லேஸ் கற்பித்தன. அதன் வருமானத்தில் பல குடும்பங்கள் பிழைத்தன. நம் தமிழகத்திலும் 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் வேலை கற்பித்தார். அது கொக்கி ஊசியின்றி, நூல் சுற்றிய சிறு கட்டைகளைக் கொண்டு பின்னும் வேறு வகை. அந்த வருமானத்தைக் கொண்டு அடிமைநிலையிலிருந்த பெண்கள் சிலர் தம் விடுதலையையே விலைகொடுத்துப் பெற்றனர் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன.

இதே கைவேலை சுரண்டலுக்கும் இடங்கொடுத்ததுண்டு. ஆந்திரத்தில் கோதாவரிக் கழிமுகத்திலுள்ள நர்சாபூர், குரோஷா லேசுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள பெண்களின் நிலையை ஆராய்ந்து ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். பூக்களைப் பின்னுபவர் ஒருவர், அவற்றை இணைப்பவர் வேறொருவர், வாங்கிச் செல்பவர் ஒரு தரகர், கடல் கடந்து அனுப்புபவர் ஒரு வியாபாரி என்று வேலை பிரிந்திருந்தது. நாள்தோறும் பல மணி நேரம் பின்னிய பெண்கள் தொழிலாளர்களாக எண்ணப்படவில்லை. பொழுதுபோக்காகப் பின்னும் இல்லத்தரசிகளாகவே கருதப்பட்டனர். ஆதலால் கூலியும் மிகச் சொற்பமாயிற்று. 2024-இல் நர்சாபூர் குரோஷா லேசுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குக் கிடைத்த அந்த மதிப்பு, பின்னும் கைகளுக்கும் கூலியாய் வந்து சேர வேண்டுமன்றோ?

சங்கத்தின் கடமை

தனித்தனியே நின்ற கைத்தறி நெசவாளர்களுக்கு நூல் வாங்கவும் துணி விற்கவும் துணையாக 1935-இல் ஒரு மாகாணக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியதையும், அதுவே பின்னர் கோ-ஆப்டெக்ஸ் என்று பெயர்பெற்றதையும் நம்மவர் அறிவர். தறிக்குப் பொருந்திய நியாயம் ஊசிக்கும் பொருந்தும். பத்துப் பெண்கள் சேர்ந்து நூலை மொத்தமாக வாங்கலாம்; ஒவ்வொருவரும் செலவிட்ட மணிகளைக் குறிப்பேட்டில் எழுதலாம்; அந்தக் கணக்கைக் கொண்டு விலையைக் குறிக்கலாம். அந்த விலைக்கு வாங்குவோர் உண்டா என்று சில துண்டுகளை வைத்து முதலில் பார்த்துவிட்டு, அதன்பின் அதிகமாகப் பின்னுவதே விவேகம். வாங்குவோர் இல்லையெனில், வீட்டுக்கு மட்டும் பின்னிக்கொள்வதில் நஷ்டமொன்றுமில்லை.

கற்பிக்க ஆளில்லையே என்று தயங்க வேண்டா. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது இம்மாவட்டத்துப் பெண்கள் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். கற்றவர் மற்றவருக்குக் கற்பித்தார். சைக்கிளை வசப்படுத்திய ஊர்களுக்கு ஒரு கொக்கி ஊசி எம்மாத்திரம்? ஒவ்வொரு சங்கத்திலும் ஊசி பிடிக்கத் தெரிந்த ஒரு சகோதரி முன்வந்தால் போதும். ஆனால் முதல் நாள் பாடத்திலேயே, கண்ணியை எண்ணுவதோடு மணியை எண்ணவும் அவர் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.