வயலுக்கு நடுவே ஒரு ரயில் கேட்

பிரிட்டனில் ரயில் பாதைகள் பரவியபோது பல பண்ணைகள் இரண்டு துண்டாயின. தொழுவம் ஒரு பக்கம், மேய்ச்சல் நிலம் மறுபக்கம். நடுவே தண்டவாளம் ஓடும் நிலத்தை ரயில் கம்பெனி கிரயம் வாங்கிக்கொண்டது; அதைக் கடந்துபோகும் பாத்தியதை பண்ணைக்கு மிஞ்சியது. தனியார் லெவல் கிராசிங்குகள் பலவும் இப்படி வந்தவைதான். தண்டவாளம் ஓடும் அந்த மண் இன்று நெட்வொர்க் ரயில் நிறுவனத்தின் வசம் இருக்கிறது.

இதற்கு அடிப்படை 1845-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம். அதன் 68-வது பிரிவுப்படி கேட், பாலம், மதகு போன்றவற்றைக் கட்டிப் பராமரிப்பது கம்பெனியின் பொறுப்பு. அவை வேண்டாமென்று நிலத்துக்காரர் நஷ்டஈடு வாங்கியிருந்தால் பொறுப்பு இல்லை. பாதை திறந்து ஐந்து ஆண்டுகள் கழிந்தபின் புதிதாகக் கேட்டாலும் கட்டித்தரவேண்டிய கட்டாயம் இல்லை. இந்தியாவின் 1989 ரயில்வே சட்டத்திலும் 16-வது பிரிவு இதே போக்கில்தான் செல்கிறது. அங்கே கெடு பத்து ஆண்டுகள். கடந்தவர் கேட்டைச் சாத்தாமல் போனால் பிரிட்டிஷ் சட்டம் அன்று விதித்த அபராதம் 40 ஷில்லிங் வரை.

வம்பு வருவது உரிமையின் அளவில்தான். சட்டத்தின்படி அமைந்த கிராசிங், பிளவுண்ட நிலத்தை இணைக்க மட்டுமே. ஒரு பக்கத்தை விற்கும்போது வழியைத் தனக்கென எழுதிவைக்காதவர் அந்த உரிமையைக் கைவிட்டவராகிறார் என்று 1895-இல் ஒரு தீர்ப்பு வந்தது. மாட்டுக்கும் வண்டிக்கும் அமைத்த வழியில் பாரம் பெருமளவு கூடுவதையும் நீதிமன்றங்கள் ஏற்கவில்லை.

கிரயப் பத்திரத்திலேயே வழி எழுதப்பட்டிருந்தால் கதை வேறு. 1847-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்று கால்நடைகளோடு கடக்கும் உரிமையைக் குறிப்பிட்டிருந்தது. அந்த நிலத்தில் பின்னாளில் கேரவன் முகாம் வந்தது. ஆறாக இருந்த கேரவன்கள் முப்பதை நெருங்கின. ரயில்வே வாரியம் வழக்குப் போட்டது. பத்திரம் தருவது பொதுவான வழி உரிமை, விவசாயத்துக்கு மட்டுமானதல்ல, கேரவன்கள் பெருகியதாலேயே அது மீறலாகாது என்று 1964-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மையாகச் சொன்னது. நீதிபதி டென்னிங் பிரபு இதை ஏற்கவில்லை. கடப்பவரே கேட்டைத் திறந்து மூடும் இடத்தில் கூட்டம் பெருகுவதன் ஆபத்தைப் பார்த்தால், அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஆபத்து என்பதற்காக ரயில் நிறுவனம் தன்னிச்சையாகக் கேட்டைப் பூட்டிவிட முடியாது. உரிமையாளரோடு பேசிப் பணம் கொடுத்து உரிமையை விடுவிக்கலாம், மாற்றுப் பாலம் கட்டித்தரலாம். சம்மதம் கிடைக்காவிட்டால், 1992 போக்குவரத்துப் பணிகள் சட்டத்தின்கீழ் ஆணை பெறவேண்டும்.